இடம் மாற்றுவதும் வேலைதான்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தேன். பிளாக்செயின் மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றில் வேலை. "இப்போ என்னம்மா செய்யறே?" என்று கேட்டேன். "மூணு மாசமா புதுசா ஒண்ணும் செய்யலே அங்கிள். தாறுமாறாக் கிடந்த ஏபிஐ மாட்யூல்களைப் பிரிச்சு அடுக்கி, இம்போர்ட் வரிகளைத் திருத்தறேன். 'இதனால என்ன லாபம்?'னு மேனேஜர் கேக்கறார்" என்று வருத்தப்பட்டாள்.

நான் டிப்ளமோ படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் அவள் வருத்தம் எனக்குப் புரிந்தது.

பிளாக்செயினில் 'நோட்' என்பது கணக்குப் பேரேட்டின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வரும் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்கும் கம்ப்யூட்டர். வெளி புரோகிராம்கள் அதனிடம் விவரம் கேட்கும் ஜன்னல்தான் ஏபிஐ. எந்தப் பகுதிக்கு எது எங்கிருந்து வருகிறது என்று சொல்வது இம்போர்ட். எங்கள் ரிலே அறையில் வயருக்கு வயர் கட்டியிருக்கும் லேபிளைப் போல.

பிட்காயின் கோர் மென்பொருளில் வெகுகாலம் 'மெயின்' என்ற ஒரே கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் குவிந்து கிடந்தன. 2016 டிசம்பரில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். சரிபார்ப்பது ஒரு கோப்பு, மற்ற நோட்களுடன் பேசுவது இன்னொன்று. உபயோகிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பழுது பார்க்க வருபவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மேனேஜர் கேட்ட லாபம் இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே மென்பொருளில், 'இது வேறு இடத்திலும் நடக்கிறதே' என்று எண்ணி, வேகத்துக்காக ஒரு சோதனையை விலக்கினார்கள். பிறகு 2017இல் உள்ளமைப்பை மாற்றியபோது, ஒரே பரிவர்த்தனையில் ஒரு நாணயத்தை இருமுறை செலவிட்டு, இல்லாத நாணயத்தை உண்டாக்கும் வழி திறந்துவிட்டது. 2018 செப்டம்பரில்தான் கண்டுபிடித்து அவசரமாக அடைத்தார்கள். அதற்குள் பிட்காயினில் யாரும் அதைப் பயன்படுத்தாதது அதிர்ஷ்டம்.

ரயில்வேயில் அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்ப்பதில்லை. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே நடந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டை மாற்றியமைத்ததில் நேர்ந்த தவறுகளே காரணம் என்றும், வயர்களின் தவறான லேபிள்கள் பல ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தன என்றும் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை கூறியது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம் மூன்று விஷயங்கள் சொன்னேன். இடம் மாற்றும்போது இடத்தை மட்டும் மாற்று. மேம்பாட்டைத் தனியாக வேறொரு நாள் செய். மாற்றுவதற்கு முன் என்ன விடை வந்ததோ, பின்பும் அதே விடை வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார். பழைய முகவரிக்கு வருபவர்களுக்கும் சில காலம் பதில் கிடைக்கும்படி செய்.

மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலைக்குத் திறப்பு விழாவோ ரிப்பனோ கிடையாது. அதற்காக அவகாசத்தைக் குறைக்காதீர்கள்; சோதனைக்கான நாட்களில் கை வைக்காதீர்கள்.