உளநூல் கற்ற பிள்ளைக்கு வழி எது?

ஆலைத் தொழிலாளியின் மகள் பி.எஸ்ஸி. உளவியல் தேறிவிட்டாள். “இனி நீ டாக்டரா?” என்று தெரு கேட்கிறது. “இதற்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்?” என்று தகப்பன் கேட்கிறான். விளம்பரப் பலகை வைத்து, கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொண்ட கல்லூரிக் கனவான்கள் இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்லி அனுப்பவில்லை. ஆகவே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

டாக்டர் அல்ல. மருந்து எழுதும் மனநோய் மருத்துவர் வேறு, அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் படித்தவர். சோதனைகளாலும் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அவர் ஆவதற்கும் மூன்றாண்டுப் பட்டம் போதாது. முதுநிலைக்கு இரண்டாண்டு, நோயாளிகளோடு பழகிப் பயிலும் எம்.ஃபில். படிப்புக்கு இரண்டாண்டு, அதன் பிறகு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதுவே இதுவரை இருந்த பாதை. பதிவின்றித் தொழில் நடத்தினால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! சென்னையில் ஒரு மணி நேர ஆலோசனைக்கே அதற்கு மேல் வாங்குவோர் உண்டு. இந்த அபராதத்துக்கா போலி ஆசாமி நடுங்கப் போகிறான்?

அந்தப் பாதையும் இப்போது வெட்டிப் போடப்பட்டுக் கிடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. பிறகு எழுந்த எதிர்ப்பைக் கண்டு, மருத்துவ உளவியலுக்கு 2025-26 சேர்க்கை வரை தவணை கொடுத்தது. ஆதலால் இனிச் சேருவோர், அந்தப் படிப்பும் அந்த நிலையமும் மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று தம் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். பெங்களூர் நிமான்ஸ், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிலையம் போன்ற சர்க்கார் நிலையங்களில் இடம் மிகச் சொற்பம். தனியாரிடம் போனால் கட்டணம் தொழிலாளியின் கைக்கு எட்டாது.

ஏழைக்கு இருந்த இன்னொரு கதவு அஞ்சல்வழிக் கல்வி. பகலில் கடையிலோ ஆலையிலோ உழைத்து, இரவில் படித்து, முதுநிலைப் பட்டம் வாங்கியவர்கள் நம் தோழர்கள் வீடுகளிலேயே உண்டு. 2025 ஆகஸ்டில் டில்லி அதையும் அடைத்தது. அவ்வாண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ புதிதாக நடத்தக் கூடாது என்பது மானியக் குழுவின் கட்டளை.

தபாலில் வந்த பாடத்தை மட்டும் படித்துவிட்டு மனநோயாளியின் முன்னே உட்காருவது தகாது. இதை நாம் மறுக்கவில்லை. நோயாளியும் நம் வர்க்கத்தவன்தானே! ஆனால் ஒரு கதவை மூடுகிறவர், வேறு கதவைத் திறந்துவிட்டல்லவா மூட வேண்டும்? மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் எத்தனை இடங்களில் உளவியல் துறை இருக்கிறது? அரசினர் பதில் சொல்லட்டும்.

ஆள் தேவைப்படவில்லை என்று எவரும் வாதாட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள், தீப்பிடித்த கொட்டகையிலிருந்து ஓட முடியாமல் கருகி மாண்டார்கள். இறந்தவர் 28 பேர். வைத்தியம் பார்க்க வசதியில்லாத குடும்பங்கள் தர்காவை நம்பிக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள். நிமான்ஸ் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த கணக்குப்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறை. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே இல்லை. குடியால் அழிகிற தொழிலாளியும் அந்தக் கணக்கில் அடக்கம். சர்க்கார் நிலையத்தில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமையைக் கொடுக்க ஆள் எங்கே? நாமோ இன்னும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசவாக வைத்திருக்கிறோம்!

வேறு வழிகளும் உண்டு. சமூகப் பணியில் முதுநிலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., இரண்டாண்டில் முடியும்; மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருத்துவமனைகளிலும் சமூகப் பணியாளருக்கு இடம் உண்டு. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கச் சிறப்புக் கல்விப் படிப்பு இருக்கிறது. 14416 என்ற தொலைபேசி எண்ணில் 2022 முதல் நடக்கும் டெலி மானஸ் பணிக்கும் ஆலோசகர்கள் வேண்டும். ஆசிரியராக விரும்பினால் முதுநிலைக்குப் பின் நெட் தேர்வு. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய சர்வீஸ் கமிஷன் பரீட்சைகள் இருக்கவே இருக்கின்றன.

கம்பெனி மனிதவளத்துறைக்குப் போகிறவர்கள் பலர். இதைப் பற்றி நமக்குச் சொல்ல இருக்கிறது. சிக்காகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளரை வைத்து ஆராய்ச்சி நடத்தினார்கள். விளக்கைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், ஓய்வு நேரத்தை மாற்றினார்கள், உற்பத்தியை அளந்தார்கள். 1936-இல் ஆலைக்குள்ளேயே ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்கள் வேலை தொழிலாளியின் குறையைக் கேட்பது. கேட்க மட்டும் செய்வது. குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை! மனம்விட்டுப் பேசியவன் பாரம் குறைந்து மெஷினுக்குத் திரும்புவான். கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உளநூல் முதலாளிக்கு எதற்குப் பயன்பட்டது என்று காட்ட இதைச் சொல்கிறோம். அந்த நாற்காலியில் நம் வீட்டுப் பிள்ளை உட்காரக் கூடாது என்பதல்ல. உட்காரட்டும். தகப்பன் நின்ற வரிசை எது என்பது அவளுக்கு நினைவிருக்கட்டும்.

நாம் கேட்பது இது: மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலேனும் உளவியல் முதுநிலை, அதுவும் மாலை வகுப்பாக, அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளில் உதவித்தொகையோடு பயிற்சி இடங்கள், மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து நிரந்தர நியமனம்.

அதுவரை கிளைத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பெயர், கட்டணம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஆகியவற்றைக் கேட்டறிந்து படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பரீட்சை முடிவு வரும் முன்பே எழுதுங்கள்.