பேரரசுகள் போகட்டும், வாய்க்கால் என்ன ஆச்சு?

ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயம் இது. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கல்லூரி கேண்டீனில் ஒரு சண்டை. உலகத்திலேயே பெரிய பேரரசு எது? ஒருவன் ரோம் என்றான். ஒருவன் மங்கோலியர் என்றான். இன்னொருவன் "கடாரம் வரைக்கும் கப்பல் விட்டவன்டா" என்று மேஜையைத் தட்டினான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ பாகூர்க்காரன், உனக்கு என்னடா தெரியும்? உங்க ஊர்ல ஒரு ராஜாகூடப் பொறக்கலையே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் வந்தது பஸ் ஏறிய பிறகுதான். (எனக்குக் கோபம் எப்போதுமே அரை மணி நேரம் லேட்.)

ராஜா பிறக்கவில்லை, உண்மைதான். ஆனால் ராஜாக்கள் வரிசையாக வந்து போன ஊர் எங்கள் ஊர். யார் வந்தார்கள், என்ன விட்டுப் போனார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

கடலூர் சாலையில் பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போது இடது பக்கம் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்த இடம். ரோமின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் 1776-இல் ஆரம்பித்து ஆறு தொகுதி எழுதினார். நம் பக்கத்தில் அந்தப் பேரரசு விட்டுப்போனது மண்ணுக்குள் கொஞ்சம் ஓடு, கொஞ்சம் மணி.

அடுத்து பல்லவர். 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று பாகூரில் கிடைத்தது. இங்கிருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்களைக் கொடுத்த ஆவணம் அது. பிறகு சோழர். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்ததும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் இந்தப் பக்கத்தையெல்லாம் பிடித்தான். எங்கள் மூலநாதர் கோயில் சுவரில் அவன் 'கன்னரதேவன்' என்ற பெயரில் இருக்கிறான். தக்கோலத்தில் ஜெயித்த அந்தப் பேரரசு 973-இல் காணாமல் போனது. இருபத்து நான்கே வருடம்! சோழர் திரும்பி வந்தார்கள், உச்சிக்குப் போனார்கள், 1279-ஓடு அவர்களும் முடிந்தார்கள்.

அப்புறம் வெள்ளைக்காரர்கள். 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நவாபு பதவிக்கு அடித்துக்கொண்ட சந்தா சாகிப் தரப்பு, உதவிக்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தது. 1752-இல் பாகூரிலேயே போர். ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் ஜெயித்தார். சண்டை போட்ட இரண்டு கம்பெனிகளும் ஐரோப்பாவில். மிதிபட்டது யாருடைய வயல்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1783 செப்டம்பர் 3. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து வெர்சாயில் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. அதிலே புதுச்சேரிக்குக் கூடுதல் நிலமாக வில்லியனூரையும் பாகூரையும் பிரான்சுக்கு வாங்கித் தருவதாக இங்கிலாந்து அரசர் ஒப்புக்கொள்கிறார். எங்கோ வாஷிங்டன் சண்டை போட்டதற்கு எங்கள் ஊர் கை மாறுகிறது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது எங்கள் ஏரிக்கரையில் நின்று பார்த்திருப்பாரா?

அந்தப் போரில் ஜெயித்த பிரான்ஸ் அரசருக்குக் கஜானா காலி. ஆறு வருடத்தில், 1789-இல், புரட்சி. 1793-இல் அவர் தலையே போனது. அதே வருடம் ஆங்கிலேயர் மறுபடியும் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஊரைச் சேர்த்துச் சேர்த்து எழுதிக்கொண்டவர்களுக்கு உள்ளூரில் ரொட்டி விலையைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. பேரரசு விழுவதைப் பற்றி எத்தனையோ தத்துவம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிவது இதுதான்: சோறு போடுகிற இடத்தை மறந்துவிட்டு எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த ராஜ்யமும் உள்ளேயிருந்தே உளுத்துவிடும்.

கடைசிக் காட்சி வில்லியனூர் கொம்யூனிலேயே நடந்தது. 1954 மே 7-இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 18 அன்று, கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. நவம்பர் 1-ஆம் தேதி கொடி இறங்கியது. டூப்ளேக்ஸ் கனவு கண்ட சாம்ராஜ்யத்தின் கணக்கு ஒரு கிராமத்துக் கூட்டத்தில் தீர்ந்தது. மீதி இருப்பது தெருப் பெயர்கள், பென்ஷன், 'கொம்யூன்' என்ற சொல், பிறகு கடலூர் மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும் எங்கள் எல்லை.

இப்போது கேண்டீன் நண்பர்களிடம் நான் கேட்கிறேன். இத்தனை பேரில் எங்கள் ஊரில் தினமும் பெயர் சொல்லப்படுகிறவர் யார்? நிருபதுங்கனா? கன்னரதேவனா? டூப்ளேக்ஸா?

ஒருவரும் இல்லை. பங்காரி!

தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள், அக்கா தங்கை, தங்கள் சொத்தைப் போட்டு வெட்டியது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. எந்த ராஜா காலம் என்று என் தாத்தாவிடம் கேட்டால், "அது எவன் காலமா இருந்தா என்னப்பா, வாய்க்கா அவளோடது" என்பார்.

புதுவை நகரத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது ஆயி என்ற தாசி நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டியவள் அவள் என்பது கதை. முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது அவள் பெயரில் மண்டபம் எழுப்பினார்கள். பேரரசர் நெப்போலியன் 1870-இல் செடானில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு ஆட்சியை இழந்தார். ஆயியின் மண்டபம் இன்றைக்குப் புதுச்சேரி அரசின் சின்னம். யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள் :-)

"ஏரியெல்லாம் ராஜாக்கள்தானே வெட்டினார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வீராணம் ஏரி சோழர் காலத்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெட்டுவது ஒரு தடவை. தூர் எடுப்பது வருடா வருடம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊர்ச்சபை ஆள் தேர்ந்தெடுத்து வைத்த ஏற்பாடு அது. (அந்தச் சபையில் உட்கார நிலமும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொற்காலம் என்று நான் எதையும் கொண்டாட வரவில்லை.) ராஜா மாறினாலும் வாரியம் தன் வேலையைச் செய்தால் ஏரி பிழைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

"அப்படியானால் யார் ஆண்டால் என்ன என்கிறாயா?" இல்லவே இல்லை. 1936 ஜூலை 30-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேரைப் பிரெஞ்சு அரசின் துப்பாக்கி கொன்றது. 'பிரெஞ்சு அழகு' என்று மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு பேரை யாராவது சொல்ல வேண்டும். கீழூரில் விழுந்த 170 ஓட்டு பெரிய விஷயம். அதை லேசாகப் பேச எனக்கு மனசு வராது. அதனால்தான் அடுத்த கேள்வி எனக்கு வலிக்கிறது.

பேரரசர்கள் போய் எழுபது வருடம் தாண்டிவிட்டது. இப்போது ஏரி வாரியம் எங்கே?

எங்கள் நிலம் கடைமடை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் கிளை வாய்க்காலில் பாதி மண், பாதி பிளாஸ்டிக். தாத்தா சிறுவனாக இருந்தபோது மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போவார்களாம், குடிமராமத்து. இப்போது மனு எழுதிக் கொடுக்கிறோம். மனு போன இடத்திலேயே இருக்கிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரில் வயலுக்கு நடுவில் மனைக்கல் முளைக்கிறது. கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. 1999-இல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம்! நானூறு வருடமாக ஐரோப்பியன் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போனான் என்று பேசுகிறோம். கடைசியில் நம் ஏரிக்குத் தூர் எடுக்கவும் அவன் காசு வேண்டியிருந்தது. வெட்கமாக இல்லையா நமக்கு?

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்துவிட்டது. நிலத்தை மனைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. அவரைத் திட்ட முடியவில்லை. "தண்ணி வந்தா நான் ஏன்டா விக்கச் சொல்றேன்?" என்றார். தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து ஆத்தையே கொண்டாந்து விட்டாங்க. நீங்க இத்தனை பேர் இருந்து மண்ணை அள்ள முடியலியா?" என்று எழுந்து போய்விட்டார். இன்னும் முடிவாகவில்லை.

கடாரத்துக்குக் கப்பல் விட்ட கதையைப் பேச என் நண்பர்களுக்கு நேரம் இருக்கிறது. வரைபடத்தில் சிவப்பு வண்ணம் அடித்து ஸ்டேட்டஸ் வைக்க நேரம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுக்கத்தான் நேரம் இல்லை. முன்னோரின் ராஜ்யத்தைக் கொண்டாடுகிறவன் முன்னோரின் வாய்க்காலில் குப்பை கொட்டினால் அவன் பெருமைக்கு என்ன மரியாதை? பழி போட இப்போது ராஜாவும் இல்லை, கவர்னர் துரையும் இல்லை. கொடி நம்முடையது, ஓட்டு நம்முடையது. வாய்க்கால் தூர்ந்தால் அதுவும் நம்முடையதுதான்.

ஆடி பிறப்பதற்குள் எங்கள் கிளை வாய்க்காலில் இறங்குவது என்று பக்கத்து வயல்காரர்கள் நாலு பேரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். கேண்டீனில் மேஜையைத் தட்டியவனையும் கூப்பிட்டிருக்கிறேன். ராஜேந்திர சோழன் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம் இருந்தால் வரட்டும், ஒரு கூடை மண் சுமக்கட்டும். அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேரரசு பேசலாம்.