வாத்தியாரா, வாடகைக் குரலா?

சோறு சாப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தான் ஒரு பையன். பேன் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டான்!

ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் இது பழைய வேடிக்கை. இங்கிலீஷில் 'ரைஸ்' என்றால் அரிசி. சோறும் அதுவே. 'லைஸ்' என்றால் பேன். ஜப்பானிய மொழியில் 'ர' வேறு, 'ல' வேறு அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் ஒலிதான் உண்டு. ஆகவே, எந்த நிமிடத்தில் அரிசி பேனாக மாறும் என்பது பையனுக்கே தெரியாது.

தொல்லை இதோடு தீரவில்லை. ஜப்பானிய மொழியில் மெய்யெழுத்து தனியே நிற்பது மிக அரிது. துணைக்கு ஓர் உயிரெழுத்து வந்துவிட வேண்டும். அதனால் 'மில்க்' என்பது 'மிருக்கு' ஆகிறது. 'டேபிள்' என்பது 'டேபுரு' ஆகிறது. 'ஸ்ட்ரைக்' என்று ஒரே மூச்சில் சொல்லும் சொல், 'சு-டொ-ரா-இ-கு' என்று ஐந்து துண்டாக நீள்கிறது. 'ஸ்கூல்' என்பதைப் பாட்டிமார்கள் 'இஸ்கூல்' என்று சொல்லவில்லையா? அது போலத்தான்.

"நான் மான்ஷனில் வசிக்கிறேன்" என்பாள் ஒரு சிறுமி. புதிதாக வந்த வெளிநாட்டு வாத்தியார், இது ஜமீன்தார் வீட்டுப் பெண் போலிருக்கிறது என்று மலைத்துப் போவார். ஜப்பானில் மான்ஷன் என்றால் மாளிகை அல்ல. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. அவ்வளவுதான்! (சென்னைத் திருவல்லிக்கேணியில் அதே சொல்லுக்குப் பிரம்மச்சாரிகள் தங்கும் விடுதி என்று பொருள். இங்கிலீஷ் சொல், போகிற ஊரில் எல்லாம் வேறு வேஷம் போடுகிறது.)

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத்தான் ஜப்பான் சர்க்கார் கடல் கடந்து ஆட்களை வரவழைக்கிறது.

1987-ஆம் ஆண்டில் இது பெரிய திட்டமாகத் தொடங்கியது. 'ஜெட்' என்று அதற்குப் பெயர். முதல் வருஷம் 848 பேர் வந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து மட்டும் வந்தார்கள். பிறகு நாடுகள் பெருகின. இதுவரை வந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல். இது சர்க்கார் திட்டத்தில் வந்தவர்கள் கணக்கு. தனியார் கம்பெனிகள் மூலம் வருகிறவர்கள் வேறு.

2020-ஆம் ஆண்டில் பாடத்திட்டம் மாறியது. மூன்றாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் தொடங்கிவிட்டது. வாரம் ஒரு மணி. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் அது முழுப் பாடம். வாரம் இரண்டு மணி. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 600 முதல் 700 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மணி என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் 45 நிமிடம். வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அயல்நாட்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டுமா? இப்போதுதான் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பள்ளிக்கூடமே ஒரு கணினியைக் கொடுத்திருக்கிறதே! அது பேசாதா?

பேசும். ஆனால் பிள்ளைக்கு அது ஏறுமா?

குழந்தை காட்டிய உண்மை

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பாட்ரீசியா கூல் என்ற பெண் விஞ்ஞானி இருக்கிறார். குழந்தைகள் எப்படிப் பேச்சுக் கற்கின்றன என்பதை ஆராய்கிறவர். ஆறேழு மாதத்து ஜப்பானியக் குழந்தைக்கு 'ர'வும் 'ல'வும் வேறு வேறு என்று நன்றாகத் தெரிகிறது! இது அவர் குழுவினர் கண்டது. அமெரிக்கக் குழந்தைக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு இதற்கும் தெரியும். ஒரு வயது நெருங்கும்போது ஜப்பானியக் குழந்தையின் காது அதை மறக்கத் தொடங்குகிறது. வீட்டில் கேட்காத ஒலி எதற்கு என்று மூளை ஒதுக்கிவிடுகிறது.

2003-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை இதைவிட ருசியானது. 9 மாதத்து அமெரிக்கக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். கதைப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். 12 தடவை இப்படி நடந்தது. இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் டெலிவிஷன் திரையில்! முடிவு என்ன? நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. திரையைப் பார்த்த குழந்தைகள் ஒன்றையும் கற்கவில்லை.

எட்டு வயதுப் பையன் கைக்குழந்தை அல்ல. இருந்தாலும், வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை ஆச்சரியமாகத் தோன்றாது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையைப் பாருங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே சாப்பிடுகிறார்கள். வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மேலங்கியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுகிறார்கள். வெளிநாட்டு வாத்தியாரும் அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்காருகிறார். அன்று ஒரு பிள்ளை வரவில்லை. அவன் பங்குப் பால் மீந்துவிட்டது. யாருக்கு? கல், கத்தரி, காகிதம் என்று கைகாட்டி விளையாடித் தீர்ப்பார்கள். "இங்கிலீஷில் சொன்னால்தான் ஆட்டம்" என்கிறார் வாத்தியார். பாட வேளையில் வாய் திறக்காத பையன் அப்போது திறக்கிறான். பால் வேண்டுமே!

உங்கள் ஊரில் நாய் எப்படிக் குரைக்கும் என்று கேட்கிறாள் ஒருத்தி. ஜப்பானிய நாய் 'வன் வன்' என்று குரைக்கும். இங்கிலீஷ் நாய் 'பௌ வௌ' என்று குரைக்கும். வகுப்பு முழுவதும் சிரிப்பு. சாப்பிட்டபின் துடைப்பமும் துணியும் எடுத்துப் பிள்ளைகள் வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள். வாத்தியாரும் கூடவே துடைக்கிறார். கணினியால் தரை துடைக்க முடியாது.

ஜன்னல் கம்பிக்கு அப்பால்

ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த முதல் வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் ஒரு கைதி!

அவர் பெயர் ரானல்ட் மக்டொனால்ட். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் அமெரிக்கப் பழங்குடிப் பெண். 1848-ஆம் ஆண்டில், திமிங்கல வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கி, ஜப்பானின் வடகோடியில் கரையேறினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டார் உள்ளே வரக் கூடாது. மீறினால் தண்டனை. பிடித்தார்கள்; நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே சர்க்கார் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு டச்சு மொழிதான் நன்றாகத் தெரியும். கம்பிக்கு இந்தப் பக்கம் 14 மாணவர்கள். அந்தப் பக்கம் வாத்தியார். பல மாதம் பாடம் நடந்தது. 1849-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து அவரை மீட்டுப் போயிற்று.

அந்த 14 பேரில் ஒருவர் மொரியாமா எய்னொசுகே. 1854-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி ஒப்பந்தம் பேச வந்தபோது, ஜப்பானின் சார்பில் மொழிபெயர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். கைதி வாத்தியார் விதைத்தது வீண் போகவில்லை.

இப்போது கம்பி இல்லை. ஆனால் வேறு ஒரு வேலி இருக்கிறது. அது ஒப்பந்தக் காகிதம்.

வெளிநாட்டு வாத்தியாருக்குச் சட்டப்படி 'உதவி மொழி ஆசிரியர்' என்றுதான் பெயர். ஜப்பானிய ஆசிரியர் பாடம் நடத்த வேண்டும். இவர் துணை நிற்க வேண்டும். சில இடங்களில் உதவி என்பது எதுவரை? "சொல்லுங்கள்" என்றதும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் திருப்பிச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனித டேப் ரிகார்டர்! வேறு சில இடங்களில் நேர் எதிர். வகுப்பு ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். பாடம் முழுவதும் உதவியாளர் தலையில்!

ஜெட் திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். 5 வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. வேலை பழகி, மொழி பழகி, பிள்ளைகளின் பெயர் எல்லாம் மனப்பாடம் ஆன நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கம்பெனி மூலம் வருகிறவர் நிலை இன்னும் மோசம். பல நகரங்கள், கட்டட வேலைக்குக் கான்ட்ராக்ட் விடுவதைப் போல இங்கிலீஷ் பாடத்தையும் கான்ட்ராக்ட் விடுகின்றன. குறைந்த தொகை கேட்கும் கம்பெனிக்கு வேலை. அந்தக் குறைவு யார் சம்பளத்தில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடை விடுமுறை மாதத்தில் பலருக்குச் சம்பளம் சுருங்கிவிடும். வாடகை சுருங்காது!

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. சில வகைக் கான்ட்ராக்டில், வகுப்பு ஆசிரியர் இவருக்கு நேரடியாக உத்தரவு சொல்லக் கூடாது. சொன்னால் தொழிலாளர் சட்டப்படி தவறு. சொல்ல வேண்டியதைக் கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள். "அடுத்த பக்கத்தைப் படியுங்கள்" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை! பிள்ளைகள் நடுவில் விழிக்கிறார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் அல்ல. ஊர் சுற்றிப் பார்க்க ஒரு சாக்கு என்று வருகிறவர்கள் உண்டு. பட்டம் இருந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்பதே விதி. ஐந்து வருஷம் இருந்தும் ஜப்பானிய மொழியில் கடிதம் படிக்கத் தெரியாமல் போகிறவர்களும் உண்டு. ஆனால், இரண்டு வருஷத்தில் போய்விடு என்று சொல்லி வைக்கும் ஆளிடம் இருபது வருஷத்து அக்கறையை எதிர்பார்க்கலாமா?

டெய்லர் என்ற பெண்

இஷினொமாகி, ஜப்பானின் வடகிழக்கில் ஒரு கடற்கரை நகரம். டெய்லர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண் அங்கே பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். வயது 24.

2011-ஆம் ஆண்டு மார்ச் 11. பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்குப் பூமி அதிர்ந்தது. அப்போது டெய்லர் பள்ளியில் இருந்தார். பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்வரை உடன் நின்றார். பிறகு சைக்கிளில் புறப்பட்டார். கடல் பொங்கி வந்தது. டெய்லர் திரும்பவில்லை. அதே நாளில், ரிகுசென்தகாட்டா என்ற ஊரில் மாண்ட்கோமரி டிக்சன் என்ற இன்னொரு அமெரிக்க ஆசிரியரும் மாண்டார். அவருக்கு வயது 26.

டெய்லரின் பெற்றோர் ஜப்பானைச் சபிக்கவில்லை. மகள் பெயரால் நிதி திரட்டி, அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் வழங்கத் தொடங்கினார்கள். புத்தகம் வைக்க அலமாரி வேண்டுமே! அந்த ஊர் மரவேலைக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். சுனாமியில் அவருடைய 3 பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் டெய்லர்தான்.

என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியரைக் குறைந்த விலைக்கு ஏலம் எடுக்கும் வழக்கத்தை நகரசபைகள் விட வேண்டும். பள்ளிக்கூடமே நேரடியாக ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மாதமும் முழுச் சம்பளம் தர வேண்டும். வகுப்பு ஆசிரியரும் அயல்நாட்டு ஆசிரியரும் உட்கார்ந்து பேசிப் பாடம் தயார் செய்ய வாரத்தில் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும். சும்மா இருக்க வருகிறவரை முதல் வருஷத்திலேயே அனுப்பிவிடட்டும். யாரும் வருந்த மாட்டார்கள்.

மொழி கற்று, பயிற்சி பெற்று, தங்க விரும்புகிறவரை முழு ஆசிரியராக ஏற்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சாதாரண ஆசிரியர் லைசென்ஸ் இல்லாதவருக்கும், திறமையைப் பார்த்து விசேஷ லைசென்ஸ் கொடுக்கலாம் என்று ஜப்பானியச் சட்டத்தில் ஏற்கனவே இடம் இருக்கிறது. கொடுக்க வேண்டியவை மாகாணக் கல்விச் சபைகள். ஜப்பானில் பள்ளிக்கூடம் திறப்பது ஏப்ரல் மாதம். புது ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தச் சபைகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.