மாநாட்டில் பார்த்த கருவியும் நம் கடை மூட்டையும்



அண்மையில் சென்னையில் நடந்த உணவுத் தொழில் மாநாட்டுக்கு நானும் போயிருந்தேன். மேடைப் பேச்சைவிடப் பரிசோதனைக் கருவிகள் வைத்திருந்த இடத்தில்தான் கூட்டம். கைக்கு அடக்கமான ஒரு கருவி. ஒரு பிடி துவரம் பருப்பை வைத்தால், அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, ஈரம் இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. பருப்பைப் பல்லில் கடித்து ஈரம் பார்த்த ஆள் நான். (அந்தப் பல்லும் இப்போது இல்லை.) வியந்துதான் நின்றேன்.

"வற்றலில் பூசண நஞ்சு இருந்தால் இதில் தெரியுமா?" என்று கேட்டேன். விளக்கம் சொன்ன தம்பி மறைக்கவில்லை. "அஃப்ளாடாக்சினா? இதை நம்ப முடியாது ஐயா. அதற்குத் தனிப் பட்டைச் சோதனை இருக்கிறது. உறுதி செய்ய லேபுக்குத்தான் போக வேண்டும்" என்றார். ஐரோப்பாவுக்குப் போகும் வற்றலில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் அந்த நஞ்சு இருக்கலாம். அதாவது ஒரு டன்னுக்கு 10 மில்லிகிராம். அதுவும் மூட்டை முழுக்கச் சீராகப் பரவி இருக்காது. நனைந்து பூத்த சில வற்றலிலேயே அத்தனையும் இருக்கும். மூட்டையின் வாயோரம் மட்டும் குத்தூசி போட்டு எடுத்த சாம்பிளை எத்தனை லட்ச ரூபாய்க் கருவியில் வைத்தாலும் என்ன பயன்? மேல், நடு, அடி என்று பல மூட்டைகளில் எடுத்துக் கலக்க வேண்டும். இதைப் பற்றி மாநாட்டில் ஒருவரும் பேசவில்லை.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்றால், 1994இல் என்னிடம் மல்லித்தூள் வாங்கிய மளிகைக்காரர் ஒருவர் கடையில் எடுத்த சாம்பிள் தேறவில்லை. நான் பில் போடாமல் துண்டுச் சீட்டில் கொடுத்த சரக்கு. பில் இருந்திருந்தால் அதையே வாரன்டியாகக் காட்டியிருப்பார். கோர்ட்டுக்கு நடந்தவர் அவர். எனக்கும் ஒன்றும் நேரவில்லை, அரைத்துக் கொடுத்த மில்லுக்கும் ஒன்றும் நேரவில்லை. அவர் அதன்பின் என் கடைக்கு வரவில்லை.

2011 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், 26ஆம் பிரிவின்படி நாம் தரும் பில்லே உத்தரவாதம். தக்க சோதனைகளைச் செய்தோம், உரிய கவனம் எடுத்தோம் என்று நிரூபித்தால் 80ஆம் பிரிவு எதிர்வாதத்துக்கு இடம் தருகிறது. ஆகவே சோதனை நடக்க வேண்டிய இடம் மொத்த வியாபாரியின் கிட்டங்கி. மூட்டை சில்லறைக் கடைக்குப் போன பிறகு சோதித்து, 5 கிலோ வாங்கியவரைப் பிடிப்பது நியாயமில்லை.

தனி ஆளாக வாங்கக் கட்டாது. சங்கமே ஈரமானி ஒன்றும், ஒளிக்கருவி ஒன்றும், பூசண நஞ்சுக்கான பட்டைகளும் வாங்கி, சாம்பிள் எடுக்கப் பழகிய ஒரு பையனை அமர்த்தலாம். லாட் நம்பருடன் நோட்டில் பதிந்து, அந்த நம்பரைப் பில்லிலும் எழுதலாம். சந்தேகம் வந்த லாட்டை மட்டும் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பலாம். பட்டையில் தேறியது என்பது லேப் ரிப்போர்ட் ஆகாது. அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"நோட்டு வைத்தால் நாமே மாட்டிக்கொள்வோம்" என்கிறார்கள் என் வயதுக்காரர்கள் சிலர். தேறாத லாட்டை விற்றால்தானே மாட்டுவோம்? அடுத்த செயற்குழுவில் இதை வைக்கப் போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் அவசியம் வாருங்கள். சில்லறைக் கடைக்காரர்களும் வந்து, துண்டுச் சீட்டில் சரக்குக் கொடுப்பது யார் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.