மிச்சத்தைப் பாருங்க பாஸ்!

கொட்டாம்பட்டியில விடியக்காலை பஸ் ஏறி, மதுரைக்குப் போய் பேங்க் எக்ஸாம் எழுதினவன் நான். அதுல ஒரு கேள்வி: 1147/1271 என்ற பின்னத்தைச் சுருக்குக. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நானும் அதையேதான் பண்ணினேன். 2-ல போகுமா, 3-ல போகுமா, 7-ல போகுமா... 23 வரைக்கும் தட்டிப் பார்த்துட்டு, 'இது சுருங்காத ஜென்மம்'னு டிக் அடிச்சேன். தப்பு. நெகட்டிவ் மார்க் வேற!

ஊருக்குத் திரும்பினா, வீட்டுக் கூடத்துல கல் பதிக்கிற வேலை நடக்குது. 21 அடி நீளம், 15 அடி அகலம். கல்லை உடைக்காம, எல்லாம் ஒரே அளவுச் சதுரமா, முடிஞ்ச வரைக்கும் பெருசா வேணும்னு அப்பாவுக்கு ஆசை. (மேலூர்ப் பக்கம் கிரானைட்டைப் பார்த்தே வளர்ந்தவங்க, அப்படித்தான்.) கொத்தனார் அண்ணன் பேப்பரைத் தேடலை. கயிறு பிடிச்சு 15 அடிச் சதுரம் ஒண்ணை ஒதுக்கினார். மிச்சம் 15-க்கு 6. அதுல 6 அடிச் சதுரம் ரெண்டு. மிச்சம் 6-க்கு 3. அதுல 3 அடிச் சதுரம் ரெண்டு, சரியா முடிஞ்சுபோச்சு.

"மூணடிக் கல்லு எடுத்துக்க தம்பி."

அவர் போட்டது மீப்பெரு பொதுக் காரணி! 21-ஐயும் 15-ஐயும் மீதியில்லாம வகுக்கிற எந்த எண்ணும், அவற்றின் வித்தியாசமான 6-ஐயும் வகுத்தே ஆகணும். அதனால பெரிய எண்களை விட்டுட்டு மிச்சத்தைத் துரத்தினா போதும். காரணிகளைத் தனித்தனியா தேடவே வேண்டாம்.

இப்ப என் கேள்விக்கு வாங்க. 1271-ல் 1147 போனா 124. 1147-ஐ 124-ஆல் வகுத்தா மீதி 31. 124-ஐ 31-ஆல் வகுத்தா மீதி இல்லை. பொதுக் காரணி 31, பின்னம் 37/41. மூணே வரி! 23-க்குப் பிறகு இன்னும் ரெண்டு பகா எண் தாண்டியிருந்தா நானும் பிடிச்சிருப்பேன்னு நினைக்கிறப்பதான் வயிறு எரியுது.

கொத்தனார் அண்ணன் செஞ்சது, கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதி வெச்ச வழி. 499-ல் ஆர்யபட்டர் எழுதிய ஆர்யபட்டீயத்தில் வரும் 'குட்டகம்' என்ற முறையும் இப்படி மிச்சத்தை வகுத்து வகுத்தே போகும். குட்டகம்னா இடித்துப் பொடியாக்குவது. பொருத்தமான பேர்தான்.

சரி, பேங்க் வேலைக்கு மட்டும்தானா இது? பேங்கையே காப்பாத்துறதும் இந்தக் கணக்குதான். 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. பூட்டு, ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊரறியப் போட்டுவிடும். காரணிகளைக் கண்டுபிடிச்சா பூட்டு திறக்கும். ஆனா 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை உடைக்கவே ஏராளமான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து மாரடிக்க வேண்டியிருந்தது. இன்று இணையத்தில் சாதாரணமா புழங்கும் பூட்டுக்கு 617 இலக்கம்!

2012-ல் நாடியா ஹெனிங்கரும் அவரோட சகாக்களும் எந்தப் பூட்டையும் உடைக்க முயற்சி பண்ணலை. இணையத்தில் கிடந்த பல லட்சம் பூட்டு எண்களை அள்ளிட்டு வந்து, அவற்றுக்குள் பொதுக் காரணி உண்டான்னு மட்டும் பார்த்தாங்க. ஆயிரக்கணக்கில் மாட்டுச்சு! ரவுட்டர் மாதிரியான சில கருவிகள் முதல்முறை உயிர் பெறும்போது, குருட்டாம்போக்கில் எண் பொறுக்கத் தெரியாம, ஒண்ணு எடுத்த பகா எண்ணையே இன்னொண்ணும் எடுத்திருந்தது. 1147 தனியா நின்னா தலைவலி. பக்கத்துல 1271 வந்து நின்னதும் 31 வெளியே வந்துடுச்சே, அதே கதை.

உங்களுக்கு ஒண்ணு தர்றேன்: 2627, 2923. கொட்டாம்பட்டியில பஸ் ஏறினா மேலூர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். கால்குலேட்டரைத் தொடாதீங்க!