விரல் வீங்கினால் ஈறையும் பாருங்கள்!

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்குக் காலையில் காபி டம்ளரைப் பிடிப்பதே பெரும்பாடு. எழுந்து ஒரு மணி நேரம் ஆனால்தான் விரல்கள் மடங்கும். முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோதுதான் கவனித்தேன். பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல், ஒற்றை விரலால் பல்பொடி தேய்த்துத் துப்பினார். வாஷ்பேசினில் ரத்தம்.

“என்ன அத்தை இது?”

“அது ரெண்டு வருஷமா வருதுப்பா. கை வலிக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போய்ப் பல்லைப் பத்தியா சொல்றது?”

சொல்லலாம். சொல்லவே வேண்டும்!

முடக்குவாதம் தேய்மானத்தால் வருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இந்த நோயாளிகளிடம் ஈறு நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது.

காரணம் என்ன? ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியா ஒரு நொதியைச் சுரக்கிறது. அது புரதங்களின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிவிடும். மாறிய புரதத்தை ‘யாரோ அந்நியன்’ என்று நினைத்து உடல் எதிர்க்க ஆரம்பிக்கிறது. முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கச் செய்யும் ஆன்டி-சி.சி.பி. ரத்தப் பரிசோதனை தேடுவது, இப்படி மாறிய புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத்தான். மூட்டு வலி தொடங்கப் பல வருடம் முன்பே இவை ரத்தத்தில் தென்படலாம். ஈறு நோயும் உள்ள முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தில் வாய் பாக்டீரியாக்கள் அடிக்கடி கசிவதை 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அதற்காக ஈறில் ரத்தம் வரும் எல்லோருக்கும் முடக்குவாதம் வந்துவிடாது. பரம்பரைக்கும் புகைப்பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நூறு வருடம் முன்பு மேல்நாடுகளில் மூட்டு வலி தீரும் என்று நம்பிப் பற்களையே பிடுங்கினார்கள். பல் போனதுதான் மிச்சம்! ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூட்டு வீக்கம் ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது மூட்டு மருந்துக்கு மாற்று அல்ல.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி. பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மரும், அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியும் கோரிமேட்டில்தான் இருக்கின்றன. மூட்டுக்குப் போகிற வழியிலேயே பல்லையும் காட்டிவிடலாம்.

முடக்குவாதம் உள்ளவர்கள் கவனிக்க:

• ஈறில் ரத்தம், வீக்கம், வாய் நாற்றம், பல் ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடாமல் பல் டாக்டரைப் பாருங்கள்.

• சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• வாய் உலர்ந்தாலோ புண் வந்தாலோ மூட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாலோ மருந்தாலோ இருக்கலாம்.

• செங்கல் தூள், சாம்பல், புகையிலை வேண்டாம். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், தினம் இரண்டு வேளை.

• பிடி தளர்ந்தவர்கள் பிரஷ் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். பேட்டரி பிரஷ்ஷும் உதவும்.

அத்தையின் பிரஷ்ஷில் பழைய சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியை மாட்டிக் கொடுத்தேன். ஈறையும் சுத்தம் செய்தாயிற்று. ரத்தம் நின்றுவிட்டது. விரல்கள் காலையில் இன்னும் முரண்டு பிடிக்கத்தான் செய்கின்றன, மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் அடுத்த முறை மூட்டு டாக்டரிடம் போனபோது, அவர் கேட்பதற்கு முன்பே அத்தை சொன்னாராம்: “கை இருக்கட்டும் டாக்டர், முதல்ல வாயைப் பத்திச் சொல்றேன்!”