வானத்துக்கும் ஒரு தராசு



முத்திரை வைத்த தராசில் நிறுத்துக் கொடுப்பது நம் தொழில். இன்று இரவு வானத்தின் வெளிச்சத்தையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். நிறுப்பவர்கள் கூலி வாங்காத பொதுமக்கள். நிறுக்கப்படும் சரக்கில் நம் கடை விளக்கும் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து 2006 முதல் நடந்து வரும் 'குளோப் அட் நைட்' திட்டத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். நிலவில்லாத இரவில் வெளியே வந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்து, ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட படங்களில் எதனோடு அது ஒத்துப்போகிறது என்று குறித்து அனுப்பினால் போதும். 2011 முதல் 2022 வரை வந்த 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து, வானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 9.6 சதவீதம் வெளுத்து வருவதாக 2023-ல் அறிவித்தார்கள். 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதில் 100 தான் தெரியும் என்பது அதன் கணக்கு. செயற்கைக்கோள் சொன்ன உயர்வோ 2 சதவீத அளவுதான். எல்.இ.டி.யின் நீல ஒளியும், பக்கவாட்டில் சிதறும் வெளிச்சமும் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. கண்ணால் போட்ட எடை மெஷினை மிஞ்சியது நமக்கு வியப்பில்லை!

பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையத்தை வைத்திருக்கும் நாம் இதில் பின்தங்கி நிற்பது நியாயமா?

விளக்கை அணைத்தால் திருட்டு பயம், வியாபாரம் படுத்துவிடும் என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். திருட்டு பயம் நியாயமானதே. வாசல் விளக்கு எரியட்டும். மேலே மூடி போட்டுத் தரையைப் பார்க்கட்டும். நாம் குறை சொல்வது, ஷட்டர் இறக்கிய பின்பும் விடியும்வரை எரியும் பெயர்ப் பலகையை. 100 வாட் பலகை இரவு பத்து முதல் காலை ஆறு வரை எரிந்தால் மாதம் 24 யூனிட். வாங்க ஆளில்லாத நேரத்தில் இது யாருக்குப் பந்தி?

வியாபாரம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃப் நகரம், அருகிலுள்ள வானாய்வு நிலையத்துக்காக, விளம்பரத் தேடொளி விளக்குகளை 1958-லேயே தடை செய்தது. 2001-ல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. கிராண்ட் கேன்யன் பார்க்கச் செல்வோர் தங்கும் அந்த ஊரில் கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

வரும் தை அமாவாசையன்று கடை அடைத்ததும் அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் உள்ள ஓரியன் கூட்டம் உயரத்தில் இருக்கும். நம் திருவாதிரையும் அதில்தான். அந்தக் கூட்டத்தில் எத்தனை தெரிகிறது என்று எண்ணி, ஊர்ப் பெயருடன் சங்கத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.